விவசாயியும் ராணுவ வீரர் ஆகலாமா? பிராந்திய ராணுவம் என்றால் என்ன? அருப்புக்கோட்டை, திருச்சுழி இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"42 வயசு வரைக்கும் பட்டாளத்துக்குப் போகலாமாம், எட்டாவது படிச்சிருந்தாலே போதுமாம்." பிராந்திய ராணுவத்துக்கு ஆள்சேர்ப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் வாட்ஸ்அப் குரூப்களில் இப்படி ஒரு தகவல் சுற்ற ஆரம்பித்துவிடும். அக்னிவீர் வயது வரம்பைத் தாண்டியவர்கள், போலீஸ் தேர்வில் ஓரிரு மார்க்கில் கோட்டை விட்டவர்கள் எல்லாம் உடனே ஷூவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்புவார்கள்.

அந்தத் தகவலில் பாதி உண்மை. 42 வயது வரை சேரலாம். சில பணிகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். ஆனால் இது மாதா மாதம் சம்பளம் வரும் நிரந்தர வேலையா என்று கேட்டால், இல்லை. வேறு வேலையோ தொழிலோ இருப்பவர்களுக்காக உருவாக்கப்பட்ட படை இது. வானம் பார்த்த பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் இந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ளாமல் வரிசையில் போய் நிற்பவர்கள் அதிகம். இந்தப் படை எப்படி வந்தது, என்ன செய்கிறது, சேர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது? விரிவாகப் பார்க்கலாம்.

பிராந்திய ராணுவம் என்றால் என்ன?

'டெரிடோரியல் ஆர்மி' என்பதைத்தான் தமிழில் பிராந்திய ராணுவம் என்கிறோம். சில பத்திரிகைகள் 'பிரதேச ராணுவம்' என்றும் எழுதும். சுருக்கமாக டி.ஏ.

முழுநேர ராணுவத்துக்குப் பின்னால் நிற்கும் ரிசர்வ் படை இது. இதில் இருப்பவர்களுக்கு வெளியில் சொந்தமாக ஒரு பிழைப்பு இருக்கும். கடை வைத்திருக்கலாம், வங்கியில் வேலை பார்க்கலாம், விவசாயம் செய்யலாம், தறி ஓட்டலாம். ஆண்டில் குறிப்பிட்ட நாட்கள் ராணுவப் பயிற்சிக்குப் போவார்கள். நாடு கூப்பிட்டால் சீருடை போட்டுக்கொண்டு முழுநேரப் பணிக்குப் போவார்கள். தேவை முடிந்ததும் பழைய வேலைக்குத் திரும்புவார்கள்.

இதன் முக்கியமான பணிகள் மூன்று. பாலம், கிடங்கு, ரயில் பாதை, ராணுவ முகாம் போன்ற இடங்களைக் காவல் காத்து, முழுநேர வீரர்களை எல்லைப் பணிக்கு விடுவிப்பது முதல் பணி. இயற்கைப் பேரிடரிலும் அத்தியாவசிய சேவைகள் முடங்கும் நேரத்திலும் அரசு நிர்வாகத்துக்குத் தோள் கொடுப்பது இரண்டாவது. போர் வந்தால் ராணுவத்துக்குக் கூடுதல் பட்டாலியன்கள் தருவது மூன்றாவது.

தமிழ்நாட்டுக்கென்று தனி ராணுவம் உண்டா?

இங்கேதான் பலருக்குக் குழப்பம். அமெரிக்காவில் 'நேஷனல் கார்டு' என்ற படை உண்டு. வெள்ளம், கலவரம் என்றால் அந்தந்த மாகாண ஆளுநரே அதைக் களத்தில் இறக்க முடியும். இந்தியாவில் அப்படி இல்லை. நம் அரசமைப்புச் சட்டப்படி தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் மத்திய அரசின் பட்டியலில் இருக்கின்றன. எந்த மாநிலமும் தனியாக ராணுவம் வைத்துக்கொள்ள முடியாது. சுதந்திரத்துக்கு முன் சமஸ்தானங்களுக்கு சொந்தப் படைகள் இருந்தன. இந்தியாவோடு இணைந்த பிறகு அவை கலைக்கப்பட்டன, அல்லது இந்திய ராணுவத்தில் சேர்க்கப்பட்டன. திருவிதாங்கூர் சமஸ்தானப் படை மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சேர்ந்தது அப்படித்தான்.

மாநில அரசின் கையில் இருப்பவை காவல்துறை சார்ந்த படைகள். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் ராஜபாளையம். அங்கே இருக்கும் 'பட்டாலியன்', தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் 11-வது அணி. அது போலீஸ், ராணுவம் அல்ல. திருவிழாக் கூட்டத்தில் காக்கியில் நிற்கும் ஊர்க்காவல் படையினர் தன்னார்வலர்கள். டியூட்டி பார்த்த நாளுக்கு மட்டும் அவர்களுக்குப் படி கிடைக்கும்.

பிராந்திய ராணுவம் இந்த இரண்டிலும் சேராது. அது மத்திய பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ், இந்திய ராணுவத்தின் ஒரு பகுதியாக இயங்குகிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் தொடங்கிய கதை

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917-ல் இதற்கான விதை விழுந்தது. முழுநேரப் படைகள் வெளிநாட்டுப் போர்முனைகளுக்குப் போய்விட்டதால், உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்காக 'இந்தியன் டிஃபன்ஸ் ஃபோர்ஸ்' உருவாக்கப்பட்டது.

போர் முடிந்ததும் 1920-ல் புதிய சட்டங்கள் வந்தன. அப்போது படை இரண்டாகப் பிரிந்தது. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் 'ஆக்சிலரி ஃபோர்ஸ்'. இந்தியர்களுக்கு 'இந்தியன் டெரிடோரியல் ஃபோர்ஸ்'. ரிசர்வ் படையில் கூட வெள்ளையருக்கு ஒரு வாசல், நம்மவர்களுக்கு இன்னொரு வாசல். கல்லூரி மாணவர்களுக்காக அப்போது நடத்தப்பட்ட பல்கலைக்கழகப் பயிற்சிப் படைதான் இன்றைய என்.சி.சி.யின் முன்னோடி.

சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டே, 1948-ல், பிராந்திய ராணுவச் சட்டம் நிறைவேறியது. இனப் பாகுபாடு போனது. இந்தியக் குடிமகனாக இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்றது புதிய சட்டம்.

தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர்

1949 அக்டோபர் 9 அன்று பிராந்திய ராணுவத்தை முறைப்படி தொடங்கி வைத்தவர், அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி. அந்த அக்டோபர் 9-தான் இன்றும் பிராந்திய ராணுவ தினமாகக் கொண்டாடப்படுகிறது.

ஆரம்பத்தில் காலாட்படை மட்டுமின்றி கவசப்படை, விமான எதிர்ப்பு பீரங்கி, மருத்துவம், சிக்னல்ஸ் எனப் பல பிரிவுகளில் டி.ஏ. யூனிட்கள் இருந்தன. 1972-க்குள் காலாட்படை தவிர இவற்றில் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன அல்லது முழுநேர ராணுவத்துக்கு மாற்றப்பட்டன.

1962, 1965, 1971 போர்களில் இந்தப் படை பங்கெடுத்திருக்கிறது. இலங்கைக்கு இந்திய அமைதிப்படை போன காலத்திலும், பஞ்சாப், காஷ்மீர், வடகிழக்கு மாநிலங்களில் நடந்த நடவடிக்கைகளிலும் டி.ஏ. வீரர்கள் இருந்தார்கள்.

எத்தனை வகை இருக்கிறது?

காலாட்படை பட்டாலியன்கள் முதல் வகை. ஒவ்வொரு பட்டாலியனும் ஒரு முழுநேர ரெஜிமென்ட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். தமிழ்நாட்டில் இரண்டு இருக்கின்றன. மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 110-வது பட்டாலியன் கோவையில். கார்ட்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த 117-வது பட்டாலியன் திருச்சியில். பக்கத்து மாநிலமான கேரளாவின் கோழிக்கோட்டில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 122-வது பட்டாலியன் இருக்கிறது.

துறை சார்ந்த யூனிட்கள் இரண்டாவது வகை. ரயில்வே, இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி. போன்றவற்றின் ஊழியர்களைக் கொண்டவை இவை. போர் நேரத்திலோ நெருக்கடியிலோ ரயிலும் பெட்ரோலும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக ஏற்படுத்தப்பட்டவை.

மூன்றாவது வகைதான் சுவாரசியமானது. மரம் நடும் பட்டாலியன்! இதைப் பிறகு பார்ப்போம்.

தோனி, மோகன்லால் எல்லாம் நிஜமான ராணுவ அதிகாரிகளா?

கிரிக்கெட் வீரர் தோனிக்கு 2011-ல் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெப்டினன்ட் கர்னல் பதவி தரப்பட்டது. பாராசூட் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 106-வது டி.ஏ. பட்டாலியன் அவருடையது. 2019-ல் காஷ்மீரில் அந்தப் பட்டாலியனோடு இரண்டு வாரம் தங்கி பணி பார்த்தார். நடிகர் மோகன்லாலுக்கு 2009-ல் இதே கௌரவம் கிடைத்தது. அவர் சேர்ந்தது கோழிக்கோட்டின் 122-வது பட்டாலியனில். கபில்தேவும் கௌரவப் பதவி பெற்றவர்தான்.

கௌரவப் பதவி வேறு, தேர்வு எழுதி, பயிற்சி முடித்து வரும் அதிகாரி வேறு. இளைஞர்களை ஈர்ப்பதற்காகப் பிரபலங்களுக்குத் தரப்படும் மரியாதை இது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு ஏற்பட்டபோது மீட்புப் பணிக்கு ஓடியவர்களில் இந்த 122-வது பட்டாலியன் வீரர்களும் உண்டு. சில நாட்களில் மோகன்லாலும் சீருடையில் அங்கே போய் அவர்களைச் சந்தித்தார்.

'பார்ட் டைம்' என்பதால் ஆபத்து குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. 2022 ஜூன் 30 அன்று மணிப்பூரின் நோனே மாவட்டத்தில், ரயில் பாதை கட்டுமானத்துக்குப் பாதுகாப்பாக இருந்த 107-வது டி.ஏ. பட்டாலியனின் முகாம் நிலச்சரிவில் புதைந்தது. அந்தப் பட்டாலியனில் மட்டும் 20-க்கும் மேற்பட்ட வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களும் வீடு, தொழில், குடும்பம் என்று ஊரில் ஒரு வாழ்க்கை இருந்தவர்கள்தான்.

யார் சேரலாம்?

வீரர் பணிக்கு வயது 18 முதல் 42 வரை. பொதுப்பணி வீரருக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும், ஒவ்வொரு பாடத்திலும் 33 சதவீதமும் தேவை. டிரேட்ஸ்மேன் பணிகளுக்குப் பத்தாம் வகுப்பு தேர்ச்சி. ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர் ஆகியவற்றுக்கு எட்டாம் வகுப்பு போதும். உயரம் 160 செ.மீ., மார்பளவு 77 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

உடல் தகுதித் தேர்வில் 1.6 கி.மீ. ஓட்டம், புல்-அப்ஸ், 9 அடி பள்ளம் தாண்டுதல், ஜிக்ஜாக் பேலன்ஸ் ஆகியவை இருக்கும். அதன்பிறகு மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு. 2024 நவம்பரில் கோவையில் நடந்த ஆள்சேர்ப்பு முகாமுக்குப் பல மாநிலங்களில் இருந்து இளைஞர்கள் வந்தார்கள்.

அதிகாரி பணிக்குப் பட்டப்படிப்பு வேண்டும். வயது 18 முதல் 42. முக்கியமான நிபந்தனை, கையில் வருமானம் வரும் வேலையோ சுயதொழிலோ இருக்க வேண்டும். அதற்கு ஆதாரமும் காட்ட வேண்டும். தேர்வானால் முதல் ஆண்டில் ஒரு மாத அடிப்படைப் பயிற்சி, ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மாத முகாம், சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் மூன்று மாதப் பயிற்சி.

பெண்கள் சேர முடியாது என்றிருந்த நிலையை 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு மாற்றியது. அதன்பிறகு பெண்களும் அதிகாரி தேர்வு எழுதலாம். ஆனால் இடங்கள் மிகக் குறைவு. 2025 மே மாதம் வந்த அறிவிப்பில் நாடு முழுவதற்கும் சேர்த்து 19 இடம். அதில் பெண்களுக்கு ஒன்றே ஒன்று!

சம்பளம் எப்போது வரும்?

எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பட்டாலியன் முழுநேரப் பணிக்கு அழைக்கப்படுவதை ராணுவத்தில் 'எம்பாடிமென்ட்' என்கிறார்கள். அந்தக் காலத்திலும் பயிற்சி நாட்களிலும் முழுநேர ராணுவ வீரருக்கு என்ன சம்பளமோ அதே சம்பளம் கிடைக்கும். ஏழாவது ஊதியக் குழுப்படி சிப்பாய்க்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். அதற்கு மேல் ராணுவ சேவைப் படி 5,200 ரூபாய், அகவிலைப்படி. லெப்டினன்ட் என்றால் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ரேஷன், கேன்டீன், மருத்துவ வசதி, விடுப்பு எல்லாம் உண்டு.

பணியிலிருந்து விடுவித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? சம்பளம் கிடையாது. அந்த நாட்களில் உங்கள் சொந்தத் தொழிலை நம்பித்தான் வாழ வேண்டும்.

பென்ஷன் உண்டா என்றால், உண்டு. ஆனால் வீரர்களுக்கு 15 ஆண்டும் அதிகாரிகளுக்கு 20 ஆண்டும் தகுதியான பணிக்காலம் இருக்க வேண்டும். கணக்கில் வருவது முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்ட காலம் மட்டுமே. படையில் பெயர் இருந்த ஆண்டுகளை எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு 'பென்ஷன் வரும்' என்று இருந்துவிட முடியாது. 35 வயதுக்கு மேல் சேருபவர் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

2025 மே மாதம் என்ன நடந்தது?

பஹல்காம் தாக்குதல், அதைத் தொடர்ந்த ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில் பிராந்திய ராணுவம் திடீரென்று செய்திகளில் அடிபட்டது. காரணம், பாதுகாப்பு அமைச்சகம் மே 6 தேதியிட்டு வெளியிட்ட உத்தரவு. தேவைப்பட்டால் பிராந்திய ராணுவத்தின் எல்லா அதிகாரிகளையும் வீரர்களையும் பணிக்கு அழைக்க ராணுவத் தலைமைத் தளபதிக்கு அதிகாரம் தரப்பட்டது.

அந்த உத்தரவுப்படி, இருக்கும் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14 பட்டாலியன்களை முழுநேரப் பணியில் ஈடுபடுத்தலாம். காலம், 2025 பிப்ரவரி 10 முதல் 2028 பிப்ரவரி 9 வரை மூன்று ஆண்டுகள். அதே உத்தரவில் இன்னொரு வரியும் இருந்தது. பட்ஜெட்டில் நிதி இருந்தால் மட்டுமே பணிக்கு அழைக்கலாம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் விஷயம் புரியும். 32-ல் 14 என்றால் பாதிக்கும் குறைவு. அதுவும் காலக்கெடுவோடு, நிதி இருந்தால். உங்கள் பட்டாலியன் அந்த 14-ல் இருந்தால் தொடர்ந்து சம்பளம். இல்லையென்றால் ஆண்டு முகாம் நாட்களுக்கு மட்டும்.

வானம் பார்த்த பூமிக்கு இது ஏன் முக்கியம்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி பக்கம் பெரும்பாலும் மானாவாரி விவசாயம். புரட்டாசி, ஐப்பசியில் மழை பார்த்து விதைப்பு. பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, மல்லி. கண்மாய் நிறைந்தால் நெல். தை, மாசியில் அறுப்பு முடிந்தால் அடுத்த மழை வரை கரிசல் காட்டில் பெரிதாக வேலை இருக்காது. அந்த மாதங்களில் திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைப்புக்குக் கிளம்புவது வழக்கம். விருதுநகர் மாவட்டம் 2018-ல் மத்திய அரசின் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் சேர்ந்ததை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

காகிதத்தில் பார்த்தால் இந்தப் பகுதி விவசாயிக்கு டி.ஏ. பொருத்தமான ஏற்பாடு மாதிரித் தெரியும். ஆண்டில் சில மாதம் காடு, சில மாதம் ராணுவம். சுயதொழில் செய்பவர் என்ற முறையில் விவசாயியும், அருப்புக்கோட்டை தறிக்காரரும் இந்தப் படையின் அடிப்படை எண்ணத்துக்குச் சரியாகப் பொருந்துகிறவர்கள்தான்.

சிக்கல் எங்கே என்றால், முகாம் எந்த மாதம் என்பதைப் பட்டாலியன் முடிவு செய்யும். விதைப்பு நேரத்தில் அழைப்பு வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். அழைத்தும் போகாமல் இருப்பது சட்டப்படி குற்றம். பணியில் இருக்கும் காலத்தில் ராணுவச் சட்டம் முழுமையாகப் பொருந்தும். வீட்டில் இன்னொரு ஆள் காட்டைப் பார்த்துக்கொள்ள முடிந்தால்தான் இது சரிவரும்.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிராந்திய ராணுவச் சட்டத்தின் 7ஏ பிரிவின்படி, படைப் பணிக்குப் போய் வந்தவரை முதலாளி மீண்டும் வேலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுத்தால், மீண்டும் வேலை தரவோ ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு தரவோ அதிகாரிகள் உத்தரவிடலாம். ஆனால் மில்லிலோ பனியன் கம்பெனியிலோ தினக்கூலியாக, எந்தப் பதிவும் இல்லாமல் வேலை பார்ப்பவர் தான் அங்கே வேலை பார்த்ததை எப்படி நிரூபிப்பார்? இந்தப் பிரிவு அவருக்குக் கைகொடுப்பது கஷ்டம்.

கருவேலங்காட்டுக்கு மரம் நடும் பட்டாலியன் வருமா?

முதலில் சொன்ன மூன்றாவது வகைக்கு வருவோம். 1982-ல் டேராடூனில் 127-வது டி.ஏ. பட்டாலியன், சுற்றுச்சூழல் படையாக உருவானது. சுண்ணாம்புக் கல் வெட்டியதால் மொட்டையாகிப் போன முசூரி மலையில் மீண்டும் மரம் வளர்ப்பதுதான் அதன் வேலை. அடுத்து ராஜஸ்தான் பாலைவனத்தில், இந்திரா காந்தி கால்வாய்ப் பகுதியில் ஒரு பட்டாலியன் இறங்கியது. டெல்லியில் பாட்டி சுரங்கப் பகுதியைப் பசுமையாக்கியதும் இப்படி ஒரு படைதான். 2017-ல் மகாராஷ்டிராவின் வறண்ட மராத்வாடாவுக்கு 136-வது பட்டாலியன் வந்தது.

இந்தப் படைகளில் பெரும்பாலும் முன்னாள் ராணுவ வீரர்கள் சேர்க்கப்படுகிறார்கள். செலவை சம்பந்தப்பட்ட மாநில அரசோ மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமோ ஏற்கும். நட்ட கன்று பிழைக்கும் வரை அங்கேயே காவல் இருப்பது இவர்களின் பலம்.

தமிழ்நாட்டில் இதுவரை இப்படி ஒரு பட்டாலியன் இல்லை. சீமைக் கருவேலம் மண்டிய கண்மாய்களும், குண்டாற்றுக் கரைகளும், ஊருக்கு ஊர் ஓய்வு பெற்ற பட்டாளத்துக்காரர்களும் இருக்கும் பகுதி இது. மாநில அரசு கேட்டு, செலவை ஏற்க முன்வந்தால் மராத்வாடாவில் நடந்தது இங்கேயும் நடக்க வாய்ப்பு உண்டு.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. அறிவிப்பு வெளியிட்ட பட்டாலியன் இப்போது முழுநேரப் பணியில் இருக்கிறதா, இல்லையா?

2. பணியிலிருந்து விடுவித்து அனுப்பினால் வீட்டுச் செலவுக்கு வேறு வருமானம் இருக்கிறதா?

3. உங்கள் வயதுக்கு, 15 ஆண்டு முழுநேரப் பணிக்காலம் சேர வாய்ப்பிருக்கிறதா?

4. வேலை பார்க்கும் இடத்தில் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், பி.எஃப். போன்ற பதிவு இருக்கிறதா?

வீரர்களுக்கான ஆள்சேர்ப்பு முகாமில் கலந்துகொள்ளக் கட்டணம் கிடையாது. அதிகாரி தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் உண்டு, அதையும் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே கட்ட வேண்டும். "பணம் கொடுத்தால் செலக்‌ஷன் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்தால் நம்ப வேண்டாம். சந்தேகம் இருந்தால் விருதுநகரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஊரிலேயே டி.ஏ.வில் பணிபுரிந்தவர் இருந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "போன வருஷம் எத்தனை மாசம் சம்பளம் வந்துச்சு?" ஓடுவதா, வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தப் பதில் உதவும்.